ஆடுகளமும் அரங்கமும்

கூத்து, கண்ணுக்கும் செவிக்கும் உரிய கலை. ஆகவே, கூத்து நிகழும் இடம் இரண்டு தேவைகளை நிறைவு செய்தல் வேண்டும். கடைசியில் அமர்ந்திருப்பவரும் கலைஞரைத் தெளிவாகக் காணவேண்டும். அவர் குரலைக் குறைவின்றிக் கேட்கவேண்டும். இவ்விரண்டையும் மக்கள் எவ்வெவ்வாறு நிறைவேற்றிக்கொண்டனர் என்பதைக் காண்போம்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள ஒடுகத்தூர், வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனை உள்ளடக்கிய பழைய வடஆர்க்காட்டுப் பகுதி தெருக்கூத்துக்குப் பெயர் பெற்றது. தெருக்கூத்துக்குக் கட்டடம் வேண்டுவதில்லை. தெருவோ திடலோ களமாகும். களத்தின் பின்புறத்தில் பின்பாட்டுக்காரரும், மத்தளம், தாளம், முகவீணை, ஆர்மோனியம் ஆகியவற்றை இசைப்போரும் அமர்வர். மற்ற மூன்று புறங்களிலும் மக்கள் தரையில் அமர்வர். இருவர் பிடிக்கும் துணியே திரை. வேடம் புனைந்தவர் அதன் பின்னே நின்று பாடித் தம்மை அறிவித்த பின்னரே களத்தில் தோன்றுவார்.

விடியும்வரை நிகழும் இக்கூத்து முற்காலத்தில் தீப்பந்த ஒளியில் நடைபெற்றது. மங்கிய ஒளியிலும் தொலைவில் இருப்போர்க்கு வேடம் புலப்படவேண்டும் அன்றோ? கண்ணாடித் துண்டுகள் பதித்த மரமுடியும், புயக்கீர்த்தியும், அழுத்தமான முகவண்ணமும் அதற்குத் துணைசெய்தன. உச்சக் குரலில் பாடும் வழக்கமும் திறந்தவெளிக்குப் பொருத்தமாயிற்று.

திரௌபதியம்மன் திருவிழாவில் ஆட்டம் ஒரே களத்தோடு நின்றுவிடுவதில்லை. அருச்சுனன் தவத்துக்காக உயர்ந்த கம்பம் நடப்படும். அருச்சுனனாக வேடமிட்டவர் பாடிக்கொண்டே அதன் உச்சிக்கு ஏறுவார். இறுதிப் போருக்கோ, வெட்டவெளியில் துரியோதனனின் பேருருவம் மண்ணால் அமைக்கப்படும். அவ்விடமே அன்று போர்க்களம். இவ்வாறு ஒவ்வொரு காட்சியும் தனக்குரிய இடத்தை ஊரிலேயே தேடிக்கொள்கிறது.

இதனால், தமிழர் அரங்கு அமைக்க அறியார் என்று கருதலாகாது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் இலக்கணத்தை விளக்குகிறது. அவ்வரங்கு 7 கோல் அகலமும், 8 கோல் நீளமும், 1 கோல் உயரமும் உடையது. ஒரு கோல் என்பது 24 விரல் அளவு. அதற்கு இரண்டு வாயில்களும், ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளும் இருந்தன. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைக்கப்பட்டது. காண்போர் கண்ணுக்குத் தடையிருத்தலாகாது என்னும் கருத்து இதில் விளங்குகிறது.

இக்காலப் பேரரங்கு ஒன்றையும் காண்போம். 1969-இல் தொடங்கப்பெற்ற தேசிய நிகழ்த்துகலை மையம் மும்பையில், நரிமன் முனையில் உள்ளது. இம்மையத்தில் ஒரே அரங்கம் அன்று, பல அரங்கங்கள் உள்ளன. 1980-இல் திறக்கப்பெற்ற டாட்டா அரங்கம் ஏறத்தாழ 1,000 பேர் அமரத்தக்கது. எனினும், இசையின் நுண்ணொலி ஒலிபெருக்கியின்றியே எட்டுமாறு அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 300 பேர் அமரும் பரிசோதனை அரங்கத்தில், நாடகத்திற்கு ஏற்ப இருக்கைகளை இடம்மாற்றலாம். 1999-இல் திறக்கப்பெற்ற ஜாம்ஷெட் பாபா அரங்கம், பெருங்குழுவினர் பங்குபெறும் இசை நாடகங்களுக்கு ஏற்றது. நூற்றுச் சொச்சம் பேருக்கான சிற்றரங்கமும் உண்டு.

ஒரு மையத்துக்கு இத்தனை அரங்கங்கள் எதற்கு? ஒரு கலைக்குப் பொருந்தும் இடம் மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதே விடை. வீணையைத் திறந்தவெளியில் மீட்டினால் அதன் நுண்ணொலி காற்றில் கரைந்துவிடும். தெருக்கூத்தை உயர்ந்த மேடையில் ஏற்றி, மக்களை ஒரு புறத்தில் மட்டும் அமர்த்தினால், மூவகைப் புறத்தாரையும் நோக்கிச் சுழன்றாடும் ஆட்டம் தன் பொலிவை இழக்கும். மக்களோடு உரையாடி நகைப்பூட்டும் கட்டியங்காரன் அவர்களை விட்டுத் தொலைவில் நிற்பான். ஆதலின், ஊர்தோறும் கலையரங்கம் கட்ட முனைவோர், தூண்களையும் இருக்கைகளையும் எண்ணுவதற்கு முன், அவ்வூர்க் கலை எவ்வாறு ஆடப்படுகிறது என்பதை அறிதல் வேண்டும். கலைக்கு ஏற்ப அமைந்த இடம், தெருவாயினும் மாளிகையாயினும், நல்ல அரங்கமே ஆகும்.