பின்னிருக்கைக்கு மாற்றாக ஒரு பலகைத் தளம்

மண் மாதிரிகள், நில அளவைக் கருவிகள், பள்ளிப் பரிசோதனைப் பெட்டிகள் முதலியவற்றைச் சிறு கார்களில் ஏற்றிச் செல்வோர், பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் மட்டமான பலகைத் தளம் அமைத்துக்கொள்வதுண்டு. 1983 முதல் 2014 வரை நம் நாட்டில் உற்பத்தி செய்யப்பட்ட மாருதி 800 போன்று, பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் கார்கள் இதற்கு ஏற்றவை. ஆயினும் இப்பலகையைக் குழியை மறைக்கும் மூடியென்றே பலரும் எண்ணுகின்றனர். மேலே வைக்கும் சுமையை நகரவொட்டாமல் பிடித்துக்கொள்வதே அதன் முதன்மையான வேலையாகும்.

வேலையைத் தொடங்குமுன் சட்டத்தைக் கவனித்தல் வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கின்றது. இருக்கைகளின் எண்ணிக்கையும் அவ்விவரங்களுள் ஒன்று. ஆகவே பதிவு அலுவலகத்தில் முன்னரே கேட்டுத் தெளிதல் நன்று. எதையும் வெட்டாமலும் பற்றவைக்காமலும், இருக்கையை எப்பொழுது வேண்டினும் மீண்டும் பொருத்தத்தக்க முறையிலேயே தளத்தை அமைக்க வேண்டும். சாய்வை மடித்தாலே போதிய இடம் கிடைக்குமாயின், இருக்கையைத் தொடாதிருப்பதே சிறந்தது.

இருக்கையைக் கழற்றியதும் அடித்தளத்தை உற்று நோக்குக. பல கார்களில் பெட்ரோல் தொட்டி பின்னிருக்கையின் கீழேயே உள்ளது. பெட்ரோல் பம்பை அணுகுவதற்கான சிறு மூடியும் அங்கே காணப்படும். கலப்பின வண்டிகள் சிலவற்றில் உயர் மின்னழுத்த மின்கலம் அவ்விடத்தில் இருப்பதால், அவற்றில் இவ்வேலையை மேற்கொள்ளலாகாது. உலோகத் தளத்தில் புதுத் துளை இடுவதும் கூடாது. பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அதன் அடியில் செல்லக்கூடும்.

பழைய அட்டைப்பெட்டியை விரித்து, சக்கர வளைவுகளுக்கு ஏற்ப வெட்டி, முதலில் மாதிரி வடிவம் ஒன்று செய்துகொள்க. பின்னர் அதனை 12 மி.மீ. கனமுள்ள ஒட்டுப்பலகையில் வரைந்து அறுக்கலாம். பீனால் பார்மால்டிஹைடு பசையால் ஒட்டப்பட்ட, கொதிநீர் தாங்கும் வகையே ஏற்றது. நீர் பெரும்பாலும் அறுத்த விளிம்புகளின் வழியாகவே புகுமாதலால், அவ்விளிம்புகளுக்கு இருமுறை வார்னிஷ் பூச வேண்டும். பலகையை இரு துண்டுகளாக்கிக் கீல் பொருத்தினால், கதவு வழியே நுழைப்பதும் பம்பு மூடியைத் திறப்பதும் எளிதாகும்.

எடையைக் குறைப்பதற்கென்றே இதைச் செய்ய விரும்புவோர் ஒரு சிறு கணக்கைப் பார்ப்பாராக. 120 செ.மீ. நீளமும் 90 செ.மீ. அகலமும் 12 மி.மீ. கனமும் உள்ள ஒட்டுப்பலகை, ஒரு கன மீட்டருக்கு 650 கிலோ என்னும் அடர்த்தியில் ஏறத்தாழ 8½ கிலோ இருக்கும். சட்டங்களும் ஆணிகளும் இதனோடு சேரும். கழற்றிய இருக்கையைத் தராசில் வைத்துப் பார்த்தால், மிஞ்சும் இலாபம் சிறிதென்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

இனிச் சுமையின் விசையைக் காண்போம். மணிக்கு 50 கி.மீ. வேகம் என்பது வினாடிக்குச் சுமார் 14 மீட்டர். கார் ஒரு சுவரில் மோதி, முன்புறம் அரை மீட்டர் நசுங்கி நிற்பதாகக் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை நசுங்கிய தூரத்தின் இருமடங்கால் வகுக்கக் கிடைப்பது 196. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 20 மடங்கு. அக்கணத்தில் 20 கிலோப் பெட்டி, 400 கிலோ எடைக்கு ஒப்பான விசையுடன் ஓட்டுநரின் முதுகை நோக்கிப் பாயும். பலகையில் முடுக்கிய சிறு திருகாணிகள் அதற்கு ஈடுகொடா. ஆகையால் பலகையை இருக்கையின் பழைய மரையாணித் துளைகளிலேயே அகன்ற வாஷர் இட்டுப் பிணைக்க வேண்டும். சுமையைக் கட்டும் வளையங்களை, அதே மரையளவுள்ள உறுதியான எஃகில் செய்து, இருக்கை வார்களின் பிணைப்பிடங்களில் பொருத்துதல் வேண்டும். கட்டும் பட்டையில் பொறித்துள்ள தாங்குதிறனையும் பார்த்தே வாங்குக. கனமான பெட்டிகள் தாழ்வாகவும், முன்னிருக்கைகளின் முதுகை அடுத்து இடைவெளியின்றியும் இருத்தல் நலம். இடைவெளி இருந்தால், பெட்டி முதலில் பாய்ந்து பின்னரே மோதும்.

திடீரென்று பிரேக் பிடிக்கும்போது ஏற்படும் விசை இதனினும் மிகச் சிறியது. உலர்ந்த தார்ச் சாலையில் அது பெட்டியின் எடையில் சுமார் 0.8 பங்கு எனலாம். இதனைப் பள்ளி முற்றத்திலேயே சோதிக்கலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையின் மேல் பெட்டியை வைத்து, ஒரு முனையைத் தரையிலிருந்து 62½ செ.மீ. உயர்த்துக. அச்சாய்வில் பெட்டி வழுக்காவிடில், அதன் உராய்வு அந்த விசைக்கு ஈடுகொடுக்கும் என்று கொள்ளலாம். வார்னிஷ் பூசிய பலகையில் தகரப் பெட்டி அதற்கு வெகுமுன்னரே வழுக்கிவிடும். ரப்பர் விரிப்பு இட்டபின் மீண்டும் செய்து காட்டினால், உராய்வுக் கெழுவை மாணவர்கள் கண்ணாலேயே அறிந்துகொள்வர். பட்டையின்றி உராய்வை மட்டும் நம்பி வண்டியை ஓட்டுவது தகாது.

இருக்கையின் மெத்தை சாலை இரைச்சலை ஓரளவு உறிஞ்சி வந்தது. அது நீங்கியதும் பலகை முரசுபோல் அதிரும். பலகைக்கும் உலோகத்துக்கும் இடையில் கம்பளி நமுதாவோ சணல் விரிப்போ இட்டால் அதிர்வு குறையும். முதல் நூறு கி.மீ. ஓடியபின் மரையாணிகளை மீண்டும் முடுக்குக. புதுப் பலகை வாஷரின் கீழ் சற்றே நசுங்கியிருக்கும். தளத்தின் மேல் எவரையும் அமர்த்திச் செல்லலாகாது. இருக்கையைத் திரும்பப் பொருத்தும்போது, வார்களின் மரையாணிகளைத் தயாரிப்பாளர் குறித்துள்ள இறுக்கத்துக்கு முடுக்கிய பின்னரே பயணிகளை ஏற்றுதல் வேண்டும்.