சிவப்பு வெளிச்சத்தில் எலியைப் பிடிப்போம்

இருக்கிற ஓரிரு மூடை விதைநெல்லையும் எலி தின்றுவிட்டால் அடுத்த காலபோகத்துக்கு எதை விதைப்பது? இரவில் ரோச் அடித்ததும் எலி ஓடி ஒளிகிறது. வந்த வழி தெரிவதில்லை.

எலியின் கண் சிவப்பு வெளிச்சத்தை மிகக் குறைவாகவே உணரும். காற்றுத் துப்பாக்கியால் எலி சுடுவோரும் இதனாலேயே சிவப்பு விளக்கைப் பாவிக்கின்றனர். நாமும் ரோச்சின் கண்ணாடியைச் சிவப்புச் செலோபேன் தாளால் இரண்டு மூன்று மடிப்பாக மூடி, இறப்பர் வளையத்தால் இறுக்குவோம். ஓரத்தால் வெள்ளை வெளிச்சம் கசியக் கூடாது. பழைய குமிழ் ரோச்சே இதற்கு நல்லது, வெள்ளை எல்.ஈ.டி. விளக்கில் சிவப்புக் குறைவு.

இருட்டில் அரை மணி நேரம் அமைதியாக இருந்தால் நமது கண்ணும் பழகிவிடும். எலி பெரும்பாலும் சுவரோரமாகவே ஓடும். அந்த வழியைப் பார்த்துப் பொறியை வைப்போம்.

ஒன்றை மறக்க வேண்டாம். சிவப்பு வெளிச்சம் இருந்து பார்ப்பதற்கு மட்டுமே, நடப்பதற்கு அல்ல. எலியைத் தேடிப் புடையனும் வரும். சிவப்பு வெளிச்சத்தில் அது மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும். எழுந்து நடக்குமுன் தாளைக் கழற்றிவிடுங்கள்.

எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் சொப்பின் பையால் எடுத்து ஆழமாகப் புதைத்து, சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.