கேள்வியும் அளவையும்

வேலப்பன்சாவடி என்னும் ஊர்ப்பெயரை நாம் நாடோறும் வழங்குகின்றோம். சாவடியென்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். பூவிருந்தவல்லிச் சாலையில் நடந்து களைத்தோர், இத்தகைய சாவடிகளில் தாம் கண்டதையும் கேட்டதையும் ஒருவர்க்கொருவர் உரைத்திருப்பர். முற்காலத்து மேனாட்டார் தேசப்படங்களை வரைந்ததும் பெரும்பாலும் இத்தகைய வழிப்போக்கர் வார்த்தையைக் கொண்டேயாம்.

மங்கோலியரும் தாத்தாரியரும் வாழ்ந்த நாட்டை அவர்கள் தீட்டிய விதம் இதற்குச் சான்று. தாத்தார் என்ற பெயரினிடையே ரகர மெய்யொன்றைப் புகுத்தி, தம் புராணத்து நரகமாகிய தார்த்தரஸை நினைப்பூட்டும்படி அந்நாட்டைத் ‘தார்த்தாரி’ என்றழைத்தனர். ஆர்ட்டீலியஸ் என்பார் 1570-இல் வெளியிட்ட படத்தொகுதியிலும் அது மகாகானுடைய இராச்சியமெனவே குறிக்கப்பெற்றது. சீனத்தில் அக்கானுடைய மரபினரின் ஆட்சியோ 1368-இலேயே ஒழிந்துவிட்டது!

நம் நாடும் இதற்கு விலக்கன்று. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, மாலுமிகளும் வணிகரும் கூறியவற்றைத் தொகுத்தெழுதினார். அவர் குறித்த மலியார்ப்பா மயிலாப்பூரென்றும், கபேரிஸ் காவிரிப்பூம்பட்டினமென்றும் அறிஞர் கருதுவர். பெயர்கள் ஒருவாறு பொருந்தினும் வடிவம் பொருந்தவில்லை. தென்னாடு கடலுள் நீண்டு செல்லாது தட்டையாய்க் கிடக்க, இலங்கையோ தன் அளவிற் பன்மடங்கு பெருத்துத் தோன்றுகின்றது.

இவ்வாறு கேள்வியால் வரைந்த படங்களை அளவையால் திருத்தும் பெரும்பணி, நமக்குத் தென்கிழக்கே சில மைல் தொலைவிலுள்ள பரங்கிமலையருகே 1802 ஏப்பிரல் மாதத்தில் தொடங்கிற்று. லாம்டன் என்னும் அதிகாரி, 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் ஏறக்குறைய 7½ மைல் நிலத்தை நுட்பமாய் அளந்தார். சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாக அனுப்பப்பெற்று, ஏற்கப்படாமல் திரும்பிய சங்கிலியே அது! அந்த அடிக்கோட்டின்மேல் முக்கோணங்களை அடுக்கடுக்காய் அமைத்துச் சென்று, சென்னைக்கும் மங்களூர்க்கும் இடையே 400 மைலெனப் படங்கள் காட்டிய அகலம் ஏறத்தாழ 360 மைலேயென்று தெளிவித்தார். 1823-இல் அவர் உயிர் நீத்ததும் அளவைப் பணியினிடையேயாம்.

ஆதலின், மாணவ நண்பர்களே, சாவடிப் பேச்சை நாம் இகழவேண்டுவதில்லை. அதுவின்றேல் தாலமியின் படத்தில் மயிலாப்பூர்க்கு இடமேது? ஆயினும், கேட்டதைக் கேட்டதென்றே கொண்டு, அளந்தறியுங்காறும் உறுதி கூறாதிருத்தலே கற்றோர்க்கு அழகாம். நாம் நேரிற் காணாத நாட்டையும் மக்களையும் பற்றிப் பேசப்புகும்போது, நம் மனத்திலும் ஒரு படம் உண்டென்பதை மறவாதிருப்போமாக.