காற்றா, தண்ணீரா? கம்ப்யூட்டரின் சூட்டைத் தணிப்பது எது?

பெரியகுளத்துக் கடைவீதியில் நிற்கும் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் குனிந்து பாருங்கள். அடுக்கடுக்காக உலோகத் தகடுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று இவற்றின் இடையே புகுந்து சூட்டை வாரிக்கொண்டு போகிறது. அதே வீதியில் வந்து நிற்கும் லாரியில் இந்தத் தகடுகள் இல்லை. அதன் எஞ்சினுக்குள் தண்ணீர் சுற்றி ஓடுகிறது. சூடேறிய தண்ணீர் முன்புறமுள்ள ரேடியேட்டருக்கு வந்து, ஆறி, மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது.

இந்த இரண்டு முறைகளும் இன்று மேசைக் கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கின்றன. கம்ப்யூட்டரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் எழும் கேள்வியே இதுதான்: காற்றால் குளிர்விப்பதா, தண்ணீரால் குளிர்விப்பதா? சில ஆயிரம் ரூபாய் சம்பந்தப்பட்ட விஷயம். கடைக்காரர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்வதற்கு முன் கொஞ்சம் பௌதிகத்தைக் கேட்டுப் பார்ப்போமே!

கம்ப்யூட்டரின் மூளையான நுண்செயலி உண்மையில் ஒரு சிறு சிலிக்கன் சில்லுதான். அது உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதுமே வெப்பமாக மாறிவிடுகிறது. 100 வாட் என்றால், பழைய குண்டு பல்பு ஒன்றின் சூடு அவ்வளவும் ஒரு தபால் தலை அளவுள்ள இடத்திலிருந்து கிளம்புகிறது என்று பொருள். சில்லு ஒரு விநாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதை அதிர்வெண் என்கிறோம். அதை உயர்த்துவதுதான் ‘ஓவர்கிளாக்கிங்’. ஆனால் துடிப்பு விரைவானால், அது தடுமாறாமல் இருக்க மின்னழுத்தத்தையும் சற்று உயர்த்த வேண்டியிருக்கும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. துடிப்பினால் உண்டாகும் வெப்பம் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. மின்னழுத்தத்துக்கோ அதன் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 கிகா ஹெர்ட்ஸை 4.8 ஆக்குகிறோம், 1.2 வோல்ட்டை 1.35 ஆக்குகிறோம். வேகம் 1.2 மடங்கு. வெப்பமோ 1.2 × 1.125 × 1.125, அதாவது 1.52 மடங்கு. 20 விழுக்காடு வேகம் வாங்க 52 விழுக்காடு சூடு!

மோட்டார் சைக்கிள் செய்பவர்களும் இதே நெருக்கடியைச் சந்தித்தவர்களே. சென்னையின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2016-இல் கொண்டுவந்த ஹிமாலயன் வண்டி 411 சி.சி. கொள்ளளவில் சுமார் 24 குதிரைத்திறன் தந்தது. அதற்குக் காற்றும், சிறிது எண்ணெய்க் குளிர்விப்பும் போதுமானதாக இருந்தன. 2023-இல் வந்த புதிய ஹிமாலயன் 452 சி.சி.யில் சுமார் 40 குதிரைத்திறன் தருகிறது. ஏறக்குறைய அதே அளவு எஞ்சினிடம் இவ்வளவு கூடுதல் வேலை வாங்கியபோது ரேடியேட்டருக்கு மாறிவிட்டார்கள்.

அப்படியானால் கம்ப்யூட்டருக்கும் தண்ணீர்தான் சிறந்ததா? அவசரப்படாதீர்கள். ‘காற்றுக் குளிர்விப்பான்’ என்று கடையில் விற்கும் நல்ல சாதனத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். தகடுகளை ஊடுருவி நாலைந்து செப்புக் குழாய்கள் வளைந்து செல்லும். அவற்றுக்குள் இருப்பது என்ன தெரியுமா? தண்ணீர்!

இவை வெப்பக் குழாய்கள். 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் இவற்றைச் செய்து காட்டினார். குழாயிலிருந்து காற்றை வெளியேற்றிவிட்டுக் கொஞ்சம் தண்ணீரை மட்டும் உள்ளே வைத்து மூடிவிடுகிறார்கள். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் அல்லவா? கொடைக்கானலில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது (இக்கட்டுரையில் டிகிரி எல்லாம் சென்டிகிரேடு). இந்தக் குழாய்க்குள் 40 டிகிரியில்கூடக் கொதிக்கும். சில்லின் பக்கம் ஆவியாகி, தகடுகளின் பக்கம் ஓடி, அங்கே குளிர்ந்து மீண்டும் நீராகிறது. நீரைத் திரும்பக் கொண்டுவருவது யார்? குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி ஏற்றுவதைப் போலவே அது நீரை இழுத்துக்கொள்கிறது. மோட்டாரும் இல்லை, சத்தமும் இல்லை. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. 150 வாட் வெப்பத்தைக் கடத்த, விநாடிக்கு ஒரு கிராமில் பதினாறில் ஒரு பங்கு ஆவியானால் போதும். எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு!

‘தண்ணீர்க் குளிர்விப்பான்’ என்பதோ லாரியின் ஏற்பாட்டைச் சிறிதாக்கியது. ஒரு சிறிய பம்பு தண்ணீர் கலந்த திரவத்தைச் சில்லின் மேலுள்ள செப்புக் கட்டி வழியாக ஓட்டி, ரப்பர் குழாய்களில் ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அந்த ரேடியேட்டரைக் குளிர்விப்பது எது? விசிறியின் காற்றுதான்.

ஆக, காற்றுக் குளிர்விப்பானுக்குள் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர்க் குளிர்விப்பான் காற்றில் போய் முடிகிறது. இரண்டும் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகின்றன. அறையின் காற்றிடம் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அதனால் இரண்டில் எதுவுமே சில்லை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. சித்திரை மாதத்துப் பெரியகுளத்தில் இதுவே முதன்மையான விஷயம்.

இப்போது தேர்வு எளிதாகிறது. ஒரு காற்றுக் குளிர்விப்பான் வாட்டுக்கு 0.3 டிகிரி உயர விடுகிறது என்றும், பெரிய ரேடியேட்டர் கொண்ட தண்ணீர்க் குளிர்விப்பான் 0.2 டிகிரி உயர விடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அறை 36 டிகிரி. 100 வாட் என்றால் சில்லு முறையே 66, 56. இரண்டும் சுகமே. 152 வாட் என்றால் ஏறத்தாழ 82, 66. இன்னமும் இரண்டுமே தாங்கும். 250 வாட் என்றால்? காற்றுக்கு 111, தண்ணீருக்கு 86. பல சில்லுகள் 95 அல்லது 100 டிகிரியை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் அப்படியே திரும்பிப் போய்விடும்!

தண்ணீர்க் குளிர்விப்பானைச் சோதிக்கிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. ஒரு டிகிரி உயர, ஒரு லிட்டர் தண்ணீர் ஏற்கும் வெப்பம் ஒரு லிட்டர் காற்று ஏற்பதைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு. அதனால் தண்ணீர் மெதுவாகவே சூடேறும். கால் லிட்டர் தண்ணீரை 150 வாட் ஒரு டிகிரி உயர்த்த 7 விநாடி பிடிக்கும். 20 டிகிரி உயர்த்த இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். முதல் நிமிடத்து எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். போடிமெட்டு ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து நிற்கும் லாரியும் அடிவாரத்தில் நன்றாகத்தான் ஓடியிருக்கும்.

தண்ணீர்க் குளிர்விப்பானில் பம்பு பழுதடையலாம். ரப்பர் வழியே ஆண்டுக்கணக்கில் திரவம் சிறிது சிறிதாகக் குறையலாம். காற்றுக் குளிர்விப்பானில் கெடக்கூடியது பெரும்பாலும் விசிறி ஒன்றுதான், மாற்றுவது எளிது. தூசியோ இருவருக்கும் எதிரி. 150 வாட்டை வெளியேற்ற, காற்று 10 டிகிரி சூடேறுவதாகக் கொண்டால், விநாடிக்கு 12.5 லிட்டர் காற்று வேண்டும். கிட்டத்தட்ட ஒரு வாளிக் காற்று, ஒவ்வொரு விநாடியும்! கம்ப்யூட்டரை அலமாரிக்குள் தள்ளி மூடி வைப்பவர் எந்தக் குளிர்விப்பான் வாங்கினாலும் பயனில்லை.

இந்தக் கட்டுரையாளரைக் கேட்டால், 150 வாட் வரையில் வெப்பக் குழாய் கொண்ட நல்ல காற்றுக் குளிர்விப்பானே போதும் என்பேன். 200 வாட்டைத் தாண்டி மணிக்கணக்கில் ஓட்டுவீர்களானால் தண்ணீரை யோசிக்கலாம். எல்லாச் சில்லுகளும் ஓவர்கிளாக்கிங்குக்கு இடம் தருவதில்லை என்பதையும், அதனால் வரும் பழுதுக்குப் பல நிறுவனங்கள் உத்தரவாதம் தருவதில்லை என்பதையும் வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய கம்ப்யூட்டர்களின் கதை வேறு. 1985-இல் வந்த ‘கிரே-2’ தன் மின்சுற்றுகளை மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்துக்குள்ளேயே மூழ்க வைத்திருந்தது. புனேயிலுள்ள ‘பரம் பிரம்மா’விலும் திரவம் சில்லுகளின் அருகிலேயே வந்து சூட்டைப் பெற்றுச் செல்கிறது. 2011-இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் சில்லொன்றைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்து 8.429 கிகா ஹெர்ட்ஸ் வரை ஓட்டிச் சாதனை படைத்தார்கள். அது சில நிமிட வேடிக்கை, வீட்டுக்கு ஆகாது.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ கம்ப்யூட்டர் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். அறையில் ஒரு வெப்பமானியை வையுங்கள். கடினமான வேலை ஒன்றைக் கொடுத்து அரைமணி நேரம் கழித்து, சில்லின் வெப்பநிலையையும் அது கொள்ளும் வாட்டையும் அதற்கான மென்பொருளில் பாருங்கள். சில்லின் வெப்பநிலையிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழித்து, வாட்டால் வகுத்தால் உங்கள் குளிர்விப்பானின் எண் கிடைக்கும். அதைக் கொண்டு ஒரு கணக்கு: கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக மேலேறும் பழைய நடைபாதையில் அதே கம்ப்யூட்டரைக் கொடைக்கானலுக்குச் சுமந்து போனால் என்ன ஆகும்? அங்கே அறை 16 டிகிரிதான் இருக்கலாம். ஆனால் அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே. அதே விசிறி அங்கே எடுத்துச் செல்லும் சூடும் குறையும். முடிவில் சில்லு எத்தனை டிகிரியில் இருக்கும் என்று போட்டுப் பாருங்கள்.