குழந்தையின் துயரத்தைக் கேட்பவருக்கு யார் துணை?

பங்சார் - கொடுமைக்கு ஆளான குழந்தை நடந்ததைச் சொல்லத் தொடங்கும்போது எதிரே ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் முகம் சுளிக்கக்கூடாது. கண் கலங்கக்கூடாது. அவசரப்படுத்தவும் கூடாது. குழந்தை சொல்லி முடித்ததும் அவருக்காக அடுத்த வழக்கு காத்திருக்கும். குழந்தையைத் தேற்ற ஆலோசகர் வருவார். கேட்டவரைத் தேற்றுவது யார்?

பங்சாரில் சிறார் பாலியல் கொடுமை பற்றிப் புகார் செய்தால், அது பிரிக்ஃபீல்ட்ஸ் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் கீழ் வரும். இத்தகைய வழக்குகளைப் போலீஸ் படையின் டி11 பிரிவு கவனிக்கிறது. சமூகநலத் துறை அதிகாரிகளும் மருத்துவர்களும் உடன் செயல்படுகின்றனர். கோலாலம்பூர் மருத்துவமனையில் சிறார் வதை வழக்குகளுக்கான சிறப்புக் குழு 1985லேயே தொடங்கப்பட்டது.

சட்டம் தந்த கூடுதல் பொறுப்பு

மலேசியச் சிறார்களைச் சீரழித்த பிரிட்டிஷ் ஆடவர் ரிச்சர்ட் ஹக்கலுக்கு 2016 ஜூன் மாதம் லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. நாட்டை உலுக்கிய அவ்வழக்கிற்குப் பிறகு, சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017 ஜூலையில் அமலுக்கு வந்தது. வேறு ஆதாரம் இல்லாவிட்டாலும், குழந்தையின் சாட்சியத்தை மட்டும் ஏற்று நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. ஆகவே, அந்தக் குழந்தையிடம் எப்படிப் பேசினார்கள் என்பதே வழக்கின் உயிர்நாடி.

கேட்பவருக்கு என்ன நேர்கிறது?

நாள்தோறும் இத்தகைய கொடுமைகளைக் கேட்பவருக்குத் தூக்கம் கெடலாம். தம் பிள்ளையை யாரிடமும் விட மனம் வராமல் போகலாம். சிலருக்கு எதைக் கேட்டாலும் மனம் மரத்துப் போய்விடும். உளவியலில் இதை 'இரண்டாம் நிலை மன அதிர்ச்சி' என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, சிறார் வதை விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்க நேரும் போலீசாரையே இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. எனவே, இது மனத் துணிச்சல் இல்லாதவர்களுக்கு வரும் நோய் அல்ல.

இதன் பாதிப்பு குழந்தையையும் தொடும். சோர்ந்துபோனவர் விசாரணையைச் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார். "என்ன நடந்தது, சொல்லும்மா" என்று கேட்க வேண்டிய இடத்தில், "அவர்தானே செய்தார்?" என்று கேட்டுவிடுவார். அந்த ஒரு கேள்வி போதும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சாட்சியத்தையே அசைத்துப் பார்க்க.

எது கைகொடுக்கும்?

அடுத்தடுத்து கடுமையான வழக்குகளை ஒருவரிடமே குவிக்காமல் இருப்பது முதற்படி. அனுபவமுள்ள ஒருவருடன் அமர்ந்து, நடத்திய விசாரணைகளை அவ்வப்போது அலசிப் பார்ப்பது அடுத்தது. இத்தகைய வழிகாட்டல் நின்றதும் விசாரணையின் தரம் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்ற தெம்பும் அதனால் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உளவியல் ஆலோசனை நாடுவது பதவி உயர்வைப் பாதிக்குமோ என்ற அச்சம் அலுவலகத்தில் இருக்கக்கூடாது.

நம்மிடம் ஒரு குழந்தை சொன்னால்

தோட்டத்திலும் பட்டணத்திலும் குழந்தை முதலில் போலீசிடம் போவதில்லை. பாட்டியிடமோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமோதான் சொல்லும். அவர்கள் துருவித் துருவி விசாரிக்க வேண்டாம். "சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்று தைரியம் சொல்லிவிட்டு, போலீசிடம் புகார் செய்ய வேண்டும். 24 மணி நேரமும் இயங்கும் 15999 தாலியான் காசே எண்ணுக்கும் அழைக்கலாம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காமல் மறைப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

கேட்ட பாட்டிக்கும் ஆசிரியருக்கும் அன்றிரவு தூக்கம் வராமல் போகலாம். குழந்தையின் பெயரையும் நடந்ததையும் ஊரில் பரப்பாமல், தம் மனச்சுமையை மட்டும் 03-76272929 எண்ணில் பிஃபிரண்டர்ஸ் தொண்டர்களிடம் இறக்கி வைக்கலாம். கேட்டவர் தளராமல் இருந்தால்தான் குழந்தைக்குக் கடைசிவரை துணை நிற்க முடியும்.