தசையில் விழுந்த விதை

புதூர்ப் பக்கத்துக் கரிசற்காட்டில் மானாவாரி வெள்ளாமை செய்வோருக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். விதை வீரியமுள்ளதாயிருந்தால் மட்டும் போதாது. மண்ணும் அதற்கு இசைய வேண்டும். கம்பும் உளுந்தும் மல்லியும் பருத்தியும் தேறும் இந்த மண்ணில் எல்லாப் பயிரும் தேறிவிடுவதில்லை.

புற்றுநோயைக் குறித்தும் இதே கருத்தை 1889-ஆம் ஆண்டில் இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் வெளியிட்டார். மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புகளை ஆராய்ந்த அவர், நோயணுக்கள் எத்திசையில் சிதறினும் தமக்கு இசைந்த உறுப்பில்தான் வேர்விடுகின்றன என்றார்.

குடற்புற்று இதற்குத் தக்க சான்று. பெருங்குடலின் இரத்தம் முதலில் கல்லீரலுக்கே செல்கிறது. ஆதலால் அந்நோய் பெரும்பாலும் அங்கே பரவும். அடுத்தது நுரையீரல். உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தசை. இரத்தமும் அங்கே தாராளமாகப் பாய்கிறது. ஆயினும் குடற்புற்று தசையில் பரவுவது மிக மிக அரிது. ஓயாது சுருங்கி விரியும் அசைவும், உழைக்கும் தசையில் ஊறும் லாக்டிக் அமிலமும் நோயணுக்களைத் தங்கவிடுவதில்லை என மருத்துவர் பலர் கருதுகின்றனர். மண்வெட்டி பிடிக்கும் உடலுக்கு இறைவன் அமைத்த வேலி இதுவோ என எண்ணத் தோன்றுகிறது!

ஆனால் வேலியைத் தாண்டியும் சில வேளை விதை விழுந்துவிடுகிறது. தொடையிலோ பிட்டத்திலோ இடுப்பையொட்டிய தசையிலோ கெட்டியான கட்டி தோன்றும். பலருக்கு வலியும் இருக்கும். நம் ஊர்களில் இதைச் சுளுக்கு என்றும் வாய்வுப் பிடிப்பு என்றும் சொல்லி, எண்ணெய் தேய்த்து உருவிவிடுவார்கள். அதில் கழியும் நாட்கள் திரும்ப வாரா. மருத்துவரே கூட, தசையிலேயே பிறந்த வேறுவகைப் புற்றென்று முதலில் ஐயுறக்கூடும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஊசியால் சிறிது சதையெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

தசையில் கட்டி தெரியும்போது பெரும்பாலும் மற்ற உறுப்புகளிலும் நோய் பரவியிருக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. ஆகவே கவலைப்படவேண்டிய காலம் அதற்கு வெகு முன்னரே வருகிறது. மலத்தில் இரத்தம் கண்டால் 'மூலச்சூடு' என்று மோர் குடித்து ஆற்றிக்கொள்வது நம் வழக்கம். மூலமாகவும் இருக்கலாம், ஆனால் அதை மருத்துவரே சொல்லவேண்டும். மலங்கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருத்தல், காரணமின்றி இரத்தம் குன்றுதல், உடல் மெலிதல் ஆகியனவும் அவ்வாறே. வெட்கத்தினால் இவற்றை வீட்டாரிடமும் சொல்லாத தாய்மார் எத்தனை பேர்!

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பருக்கு 1992 ஜூலையில் ரோமையில் பெருங்குடலிலிருந்து ஒரு கட்டி அகற்றப்பட்டது. அதன் அணுக்களில் மாற்றம் தொடங்கியிருந்தது, பரவவில்லை. 2005 வரை அவர் திருச்சபையை வழிநடத்தினார்.

முன்னர் குடல் அறுவை செய்துகொண்டவர்கள், உடலில் எங்கே புதிய கட்டி தோன்றினாலும் அச்செய்தியை மருத்துவரிடம் முதலில் சொல்லவேண்டும். பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்குப் போனாலும், 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் போனாலும், பழைய அறுவையின் சீட்டுகளையும் பரிசோதனை அறிக்கையையும் கையோடு கொண்டு செல்லுங்கள். பழைய கட்டியின் கண்ணாடித் தகடு கிடைக்குமானால், புதியதை அதனருகே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.