முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில்

ஓடும் பஸ் முற்றாக நிற்பதற்கு முன்னரே இறங்கிவிடும் பழக்கம் கொழும்புவாசிகளான எம்மில் பலரிடம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர் வெள்ளவத்தை காலி வீதியில் அவ்வாறு இறங்கிய ஒரு மாலைப்பொழுதில், இக்கட்டுரையாளரின் பாதம் நடைபாதையின் விளிம்பில் புரண்டது. வீடு வந்து எண்ணெய் பூசி, துணியால் இறுகக் கட்டி, சுளுக்குத்தானே என்று நான்கு நாட்களைக் கடத்திய பின்னரே எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. கணுக்காலின் வெளிப்புறத்தே குமிழ் போல் துருத்தி நிற்கும் என்பு முறிந்திருந்தது.

சுளுக்கா முறிவா என்பதை ஓரளவு பிரித்தறிய எளிய வழியொன்று உண்டென்பது அன்று எமக்குத் தெரியாது. கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992ஆம் ஆண்டு வெளியிட்ட விதி அது. விழுந்த உடனேயும், பின்னர் வைத்தியரிடம் சென்றபோதும் நான்கு அடிகள் எடுத்துவைக்க இயலாதிருந்தால், அல்லது கணுக்காலின் இருபுறக் குமிழ்களின் பின்விளிம்பையோ நுனியையோ விரலால் அழுத்தும்போது என்பிலேயே வலி தோன்றினால் எக்ஸ்ரே அவசியம். இவ்விரண்டும் இல்லாதவிடத்து கணுக்கால் முறிவுக்கான சாத்தியம் மிகக் குறைவு. வீக்கத்தின் அளவைக் கொண்டு முடிவு செய்வது பெரும்பாலும் பிழையாகவே முடிகிறது.

அந்தக் குமிழ்கள் இரண்டும் தனி என்புகள் அல்ல. முழங்காலிலிருந்து இறங்கிவரும் இரு நீண்ட என்புகளின் கீழ் முனைகளே அவை. உட்புறக் குமிழ் கணைக்கால் உள்ளென்பினுடையது. வெளிப்புறக் குமிழ் கணைக்கால் வெளியென்பினுடையது. உடற்பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளென்பே. மெலிந்த வெளியென்பு தசைகளுக்குப் பற்றிடமாகவும் கணுக்கால் மூட்டுக்குப் பக்கச் சுவராகவும் அமைகிறது. பாரம் தாங்கும் பொறுப்பு அதற்குச் சொற்பமே என்பதால், வாய்ப் புற்றுநோயினால் தாடையின் ஒரு பகுதியை இழந்தவர்களுக்கு வெளியென்பின் நடுப்பகுதியை அதன் குருதிக் குழாய்களுடன் எடுத்துத் தாடையாகப் பொருத்தும் சத்திரசிகிச்சை 1989ஆம் ஆண்டு முதல் உலகில் நடைபெற்று வருகிறது. வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் பழக்கம் நீங்காத எமது நாட்டில் இச்செய்தி பலருக்கும் தெரிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

உள்ளென்புக்கு ஒரு பலவீனமுண்டு. அதன் முன்புற உட்பக்கம் தசையால் மூடப்படாமல் தோலுக்கு நேர் கீழே கிடக்கிறது. இருட்டில் கட்டிற்காலில் மோதிக்கொண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மோட்டார் சைக்கிள் சரிந்து விழும்போதும், வீதியைக் கடப்பவர் மீது வாகனத்தின் முன்தடுப்பு மோதும்போதும், முச்சக்கரவண்டியில் காலை வெளியே நீட்டியபடி பயணிப்பவர் விபத்தில் சிக்கும்போதும் இந்த என்பே முதலில் முறிகிறது. முறிந்த முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவருவதும் இங்கு அதிகம். மேலும், என்பின் கீழ்ப்பகுதிக்கான குருதியோட்டம் குறைவு. ஆகையால் பொருந்துவதற்கு நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை செல்லலாம். புகைப்பவர்களுக்கு இன்னும் தாமதமாகும்.

என்பு வெளித்தெரியும் முறிவு என்றால் காலை வெட்டி அகற்றுவதே ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. 1756ஆம் ஆண்டு லண்டனில் பேர்சிவல் பொட் என்ற பெயர்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் குதிரையிலிருந்து வீழ்ந்து இத்தகைய முறிவுக்குள்ளானார். தம்மைத் தூக்கி வண்டியில் ஏற்ற எவரையும் அவர் அனுமதிக்கவில்லை. கதவொன்றை விலைக்கு வாங்குவித்து, அதில் கழிகளை அறைவித்து, அதன்மேல் காலை அசையாது கிடத்தி வீடு சென்றார் என்பது வரலாறு. வெட்டுவதற்கான ஆயுதங்கள் தயாராகியிருந்த வேளையில் அவரது ஆசிரியர் தலையிட்டமையால் கால் தப்பியது. இன்றளவும் கணுக்கால் முறிவொன்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. ஆனால் அவருக்கு ஏற்பட்டது அந்த முறிவன்று.

அந்தக் கதவின் பயன் இன்றும் மாறவில்லை. முறிந்த காலை நிமிர்த்தவோ உருவவோ முயலாமல், இருந்த நிலையிலேயே அசையாது கட்டுவதுதான் முதலுதவி. பலகை கிடைக்காவிடில் தடித்த மடிப்பாகச் சுற்றிய பழைய பத்திரிகைகளும் போதும். (பத்திரிகைத் தொழிலில் இருப்போருக்கு இதுவும் ஓர் ஆறுதலே.) காயம் திறந்திருந்தால் சுத்தமான துணியால் மூடி, வெளிவந்த என்பை உள்ளே தள்ளாது விட்டுவிட வேண்டும். 2016ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்ட சுவசெரிய இலவச அம்பியூலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

இனி, வெளியே தெரியாத ஆபத்துக்கு வருவோம். கணைக்காலின் தசைகள் நான்கு அறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் அறையையும் சூழ்ந்திருக்கும் உறை மிக உறுதியானது, இழுபடாதது. முறிவினாலோ நசிவினாலோ உள்ளே குருதி கசிந்து தசை வீங்கும்போது, விரிவதற்கு இடமின்றி அறையினுள் அழுத்தம் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் தசைக்குள் குருதி நுழைய முடிவதில்லை. அந்நிலை சுமார் ஆறு மணித்தியாலங்கள் நீடித்தால் தசையும் நரம்பும் மீளாத அழிவை அடையத் தொடங்கும். காயத்தின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி, வலிநிவாரணிக்கும் அடங்காமை, கால்விரல்களை மெல்ல நீட்டினாலே துடிதுடிக்கும் வேதனை, பின்னர் மரத்துப்போதல் என்பனவே அதன் அறிகுறிகள். பாதத்தில் நாடித்துடிப்பு தெரிகிறது, ஆகவே பயமில்லை என்று எண்ணுவது ஏமாற்றத்தைத் தரும். துடிப்பு கடைசிவரை இருக்கக்கூடும். தோலையும் உறையையும் நீளமாகக் கீறித் திறந்து அழுத்தத்தை வெளியேற்றுவது தவிர இதற்கு வேறு சிகிச்சை இல்லை.

முறிவு தறிவு வைத்தியம் பற்றிய பேச்சு இவ்விடத்தில் எழாமல் இராது. யாழ்ப்பாணத்திலும் தென்னிலங்கையிலும் தலைமுறை தலைமுறையாக வந்த கலை அது. சுதேச வைத்தியத்துக்கு 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் அங்கீகாரமும் அளித்துள்ளது. அதனைப் பழிப்பது எமது நோக்கமன்று. சாதாரண சுளுக்குகளுக்கு அவ்வைத்தியர்களிடம் சென்று சுகமடைந்தோர் எமது குடும்பத்திலேயே உள்ளனர். ஆனால் புதிதாக முறிந்து வீங்கிக்கொண்டிருக்கும் கணைக்காலின்மீது இறுகக் கட்டு ஏறுமானால், இழுபடாத உறைக்கு மேல் இன்னுமோர் இழுபடாத உறை சேர்கிறது என்றுதான் பொருள். வைத்தியசாலையில் போடப்படும் பிளாஸ்டருக்கும் இது பொருந்தும். கட்டுப் போட்ட இரவில் நோயாளி வலியால் கதறினால், 'முறிந்த கால் நோகத்தானே செய்யும், கொஞ்சம் பொறு' என்று சமாதானம் கூறுவதே வீட்டார் செய்யும் பெரும் தவறு. கட்டைத் தளர்த்தி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளியென்பின் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு அருகில் ஒரு நரம்பு செல்கிறது. கட்டு அவ்விடத்தை அழுத்தினால் பாதம் தொய்ந்து, நடக்கையில் விரல்நுனி நிலத்தில் இழுபடும்.

கெண்டைக்கால் தசையை இரண்டாவது இதயம் என்பர். நடக்கும்போது அது சுருங்கி, நாளங்களிலுள்ள குருதியை மேல்நோக்கித் தள்ளுகிறது. காலையிலிருந்து இரவுவரை அசையாது நிற்க நேரும் புடவைக்கடைப் பணிப்பெண்களின் கால்களில் நாளங்கள் முறுக்கிப் புடைப்பது இப்பம்பு ஓய்ந்து கிடப்பதாலேயே. அவர்களுக்கு ஒரு முக்காலி போட்டுக்கொடுக்க முதலாளிமாருக்கு மனம் வருவதில்லை. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நெடுநேரம் விமானத்தில் அமர்ந்து வரும் உறவினர்கள், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைப் பயணக் களைப்பு என்று தள்ளிவிடலாகாது. ஆழ்நாளத்தில் உறைந்த குருதிக்கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிரைப் பறிக்கக்கூடும்.

பழைய மாணவர் கிரிக்கெட் போட்டிகளில், பயிற்சியின்றித் திடீரென ஓடத் தொடங்கும் நடுவயதினருக்கு நேர்வது வேறு. பின்னாலிருந்து எவரோ உதைத்தது போல் உணர்ந்து திரும்பிப் பார்ப்பார், எவரும் இருக்கமாட்டார். கெண்டைத் தசையைக் குதிக்காலுடன் பிணைக்கும் தடித்த தசைநாண் அறுந்திருக்கும். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைத் தசையை அமுக்கும்போது பாதம் அசையாவிடின் அது ஏறக்குறைய உறுதி. கிரேக்க வீரன் அக்கிலிஸின் பெயரை 1693ஆம் ஆண்டு இந்நாணுக்குச் சூட்டிய பிலிப் வெர்ஹேயன் ஒற்றைக்காலர் என்பது குறிப்பிடத்தக்கது.

எமது மக்களுக்குக் கணைக்கால் என்றதும் நினைவுக்கு வருவது விளையாட்டுக் காயமன்று. வடக்கு, கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் குடியேறிய குடும்பங்கள் பல, மிதிவெடியில் கால் இழந்த ஓர் உறவினரையேனும் அறிந்தவை. மிதிவெடி வெடிக்கும்போது மண்ணும் செருப்புத் துண்டும் பாதத்தின் என்புத் துகள்களும் தசை அறைகளின் இடைவெளிகள் ஊடாக மேல்நோக்கிச் செலுத்தப்படுகின்றன. வெளிப்பார்வைக்குப் பாதம் மட்டுமே சிதைந்திருக்கும். உள்ளேயோ கெண்டைக்கால்வரை அழுக்கு ஏறியிருக்கும். சிதைந்த இடத்துக்கு வெகு மேலே வைத்தியர்கள் வெட்டியது ஏனென்று மனம் நொந்தவர்களுக்கு இதுவே விடை.

ஆயினும் முழங்காலைக் காப்பாற்றவே அவர்கள் இயன்றவரை முயல்வர். முழங்கால் எஞ்சினால் செயற்கைக் காலுடன் படியேறுவதும் நெடுந்தூரம் நடப்பதும் பன்மடங்கு எளிது. வெளியென்பை உள்ளென்பிலும் சற்றுக் குட்டையாக அறுத்து, பின்புறக் கெண்டைத் தசையை முன்னே மடித்து என்பு முனைக்கு மெத்தையாக்குவது வழமை. அந்த மெத்தையின்மீதே செயற்கைக் கால் அணியப்படுகிறது.

இந்தியாவின் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் வைத்தியர் பி.கே.சேத்தியும் 1968ஆம் ஆண்டு உருவாக்கிய இறப்பர் பாதம், சம்மணமிடவும் குந்தியிருக்கவும் வெறுங்காலுடன் கோயிலுக்குச் செல்லவும் ஏற்றது. சப்பாத்துடனேயே அணியவேண்டிய மேற்கத்தேயப் பாதம் எமது வாழ்க்கைக்குப் பொருந்தியதில்லை. கொழும்பில் 1985ஆம் ஆண்டிலும் யாழ்ப்பாணத்தில் 1987ஆம் ஆண்டிலும் ஜெய்ப்பூர் கால் பணிகள் ஆரம்பமாகின.

மிதிவெடித் தடை ஒப்பந்தமும் 1997ஆம் ஆண்டு அதே ஒட்டாவா நகரில்தான் கைச்சாத்திடப்பட்டது. இலங்கை அதில் இணைய 2017 டிசம்பர் வரை காத்திருந்தது. ஒப்பந்தப்படி 2028 ஜூன் 1ஆம் திகதிக்குள் நிலம் முழுவதும் துப்புரவாக்கப்பட வேண்டும். நிலம் துப்புரவானாலும் செயற்கைக் காலின் தேவை முடிந்துவிடாது. இறப்பர் தேயும், காலின் எஞ்சிய பகுதி மெலியும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கால் அளவெடுத்துச் செய்யப்பட வேண்டும். சிறுவயதில் வெட்டப்பட்ட என்பு வளர்ந்து தோலைக் குத்துவதால் மீண்டும் அறுக்க நேர்ந்தவர்களும் உண்டு. தொண்ணூறுகளில் பத்து வயதில் காலை இழந்தவருக்கு இன்று நாற்பது வயதாகிறது.